அண்ணி பொறுக்கிச் சேர்த்த குரல்கள்

என் குரலைக் கேட்டு முதன்முதலில் சந்தோஷப்பட்டவர் என் அண்ணிதான். அதுவரை நான் போனை எடுத்தால் "சார், வீட்டுல மேடம் இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். பெண்ணாய்ப் பிறந்தவளுக்கு அப்படியொரு கட்டைக் குரல். பள்ளிக்கூடத்துப் பாட்டு வகுப்பில் என்னை வாயை மட்டும் அசைக்கச் சொல்லிவிட்டார்கள்.

அண்ணி ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். மாடிப்படிக்குக் கீழே ஜன்னலில்லாத ஒரு அறை, காதில் ஹெட்போன், முன்னால் வரிசை வரிசையாகச் சின்ன விளக்குகள். அவர் என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த இரண்டாம் வருஷம், எங்கள் சர்ச்சில் ஆர்கன் வாசித்தவர் வேலை மாற்றலாகிப் போனார். நாலு ஞாயிறு பாட்டெல்லாம் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு போயின. ஐந்தாவது வாரம் அண்ணி போதகரிடம் போய், "நான் வாசிக்கட்டுமா ஐயா? பள்ளிக்கூடத்துல கத்துக்கிட்டதுதான்" என்றார்.

கை ஓடியது. கால்தான் எட்டவில்லை. அந்த ஆர்கனில் அடிக்குரல்களைக் காலால் மிதித்துத்தான் எழுப்ப வேண்டும். அண்ணியோ நாலரை அடி. மிதிகட்டைக்கும் பாதத்துக்கும் நடுவே நாலு விரற்கடை இடைவெளி. அண்ணன் மரவேலை செய்கிறவர். அன்று சாயங்காலமே பழைய ஷூ ஒரு ஜோடியின் அடியில் மரத்தை இழைத்து ஒட்டிக் கொடுத்தார். மறுவாரம் அடிக்குரல் எழுந்தபோது பெஞ்சே அதிர்ந்தது. 'அரைக்கட்டை' என்ற பட்டப்பெயரும் அன்றுதான் விழுந்தது. அண்ணி அசரவில்லை. "அரைக்கட்டையோ ஆறு கட்டையோ, சுருதி சேருதா? அதைச் சொல்லுங்க" என்றார்.

பாடகர் குழுவில் மிஞ்சியிருந்தது ஐந்தே பேர். அண்ணி ஆள் சேர்த்த விதம் தனி. வேலை நேரத்தில் போனில் நல்ல குரல் கேட்டால் விடமாட்டார். "லைன் கொடுக்கிறேன், இருங்க. ஞாயித்துக்கிழமை காலையில என்ன பண்றீங்க?" ரத்த வங்கி எழுத்தர், எக்ஸ்ரே எடுக்கிறவர், பிரசவ வார்டு நர்ஸ், எல்லாரும் அப்படி வந்து சிக்கியவர்கள். ஆம்புலன்ஸ் டிரைவர் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்தார். அவர் பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கும்.

"எனக்குப் பாட வராதும்மா."

"எந்த வாசல்னு கேட்டீங்களே, அதையே கொஞ்சம் இழுத்துக் கேளுங்க. பாட்டு ஆயிடும்."

கடைசியில் என் பக்கம் திரும்பினார். "நீ ஆண்கள் வரிசையில நில்லு."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "கிண்டல் பண்றீங்களா அண்ணி?"

"கிண்டல் இல்ல. நடுக்குரல் ஒண்ணு இல்லாம பாட்டு பொக்கை வாய் மாதிரி இருக்கு. அந்தப் பல்லு நீதான்."

சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு எப்படி மறுப்பது? போய் நின்றேன்.

அச்சடித்த பாட்டுகள் எங்களுக்குப் பொருந்தவில்லை. அதனால் அண்ணியே எழுத ஆரம்பித்தார். தையற்காரர் ஆள் பார்த்துத் துணி வெட்டுவதுபோல, அவரவர் தொண்டையைப் பார்த்து ராகம் வெட்டினார். எக்ஸ்ரேக்காரருக்கு மூச்சு குறைவு; அவருக்குச் சின்னச் சின்ன வரிகள். டிரைவருக்குப் பாதிப் பாட்டில் அழைப்பு வந்துவிடும். அவர் எழுந்து ஓடுகிற நொடியில் அவர் பகுதியை அண்ணியின் கால் எடுத்துக்கொள்ளும். ஆர்கன் மேல் சாய்த்து வைத்த கண்ணாடியில் அண்ணியின் முகம் எங்களுக்குத் தெரியும். புருவம் ஏறினால் உரக்கப் பாட வேண்டும், உதடு குவிந்தால் மெல்ல.

அண்ணி ஆர்கனில் உட்கார்ந்த ஒன்பதாம் வருஷம், சுற்றுவட்டாரத்துச் சர்ச்சுகள் எல்லாம் சேர்ந்து பாடும் கூட்டத்துக்கு எங்களையும் கூப்பிட்டார்கள். நடப்பது பெரிய சர்ச்சில். அங்கே பாடகர்களை நடத்துகிறவர் கையில் எப்போதும் ஒரு மெல்லிய கோல் இருக்கும். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் கோல்காரர். முந்தின நாள் ஒத்திகையில் அவர் கண் என் மேல் விழுந்தது.

"அந்தம்மா ஏன் ஆண்கள் வரிசையில நிக்கிறாங்க? பார்க்க நல்லா இல்ல. பெண்கள் பக்கம் அனுப்புங்க."

என் கால் தானாக நகர்ந்தது. அண்ணி உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்: "நீங்க அந்தச் சுவரைப் பார்த்து நில்லுங்க சார். இந்த வரிசையில ஏழு பேரும் ஆளுக்கொரு வரி பாடட்டும். எது பெண் குரல்னு சரியாச் சொல்லிட்டீங்கன்னா இப்பவே மாத்திடறேன்."

மனுஷர் நேர்மையானவர். திரும்பி நின்றார். நாங்கள் ஒவ்வொருவராகப் பாடினோம். நான் மூன்றாவது.

"அஞ்சாவது" என்றார் அவர் சட்டென்று.

ஐந்தாவது, ரத்த வங்கி எழுத்தர். மீசை அவர் மேலுதட்டையே மறைத்திருக்கும். கூடம் முழுக்கச் சிரிப்பு. கோல்காரர் திரும்பினார், மீசையைப் பார்த்தார், தானும் சிரித்துவிட்டார். "அந்தம்மா நின்ன இடத்துலயே நிக்கட்டும்."

மறுநாள் எண்ணூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணியின் பாட்டின் முதல் சுற்றில் எங்கள் பதினெட்டுக் குரல்கள் மட்டும்தான். இரண்டாம் சுற்றில் முன்வரிசைகள் முணுமுணுத்தன. மூன்றாவதில் பல்லவியைக் கூடமே எடுத்துக்கொண்டது. அண்ணி வாசிப்பை மெல்ல மெல்லக் குறைத்து, கடைசியில் கையையும் காலையும் எடுத்துவிட்டார். பாட்டு இறங்கவில்லை, தன் காலிலேயே நின்றது. என் நடுக்குரலை எங்கோ பின்வரிசைகளில் முகம் தெரியாதவர்கள் தாங்கிப் பிடித்திருந்தார்கள். முடிந்ததும் யாரும் உட்காரவில்லை. மறுபடி பாடச் சொன்னார்கள், பாடினோம்.

கோல்காரர் நேராக ஆர்கனிடம் வந்தார். "அடுத்த வருஷம் எல்லாக் குழுவையும் சேர்த்து நீங்கதான் நடத்தணும்."

"ஆர்கன் யாரு சார்?"

"அதுவும் நீங்கதான்."

"பாட்டு?"

"அதையும் நீங்கதான் எழுதணும்."

"அப்ப நீங்க என்ன பண்ணுவீங்க?"

"ஆண்கள் வரிசையில எனக்கு ஒரு இடம் கொடுங்க."

சொன்னபடியே அடுத்த வருஷம் என் பக்கத்தில் வந்து நின்றார். நடத்தத் தெரிந்த அளவுக்கு அவருக்குப் பாடத் தெரியாது. ஆனால் அண்ணியின் புருவத்தை எங்கள் எல்லாரையும்விட உன்னிப்பாகப் பார்த்தார்.

இப்போது அண்ணிக்கு அறுபத்தெட்டு வயது. எழுதியது நாற்பத்தாறு பாட்டு. கல்யாணத்திலும் அடக்கத்திலும் அவற்றைப் பாடுகிறார்கள். எழுதியது யாரென்று பாதிப்பேருக்குத் தெரியாது. போன மாதம் பஸ்ஸில் எங்களுக்கு முன்சீட்டில், மடியில் காய்கறிக் கூடையோடு ஒரு அம்மா அதில் ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். அண்ணியும் கூடச் சேர்ந்துகொண்டார். அந்த அம்மா திரும்பி, "மூணாவது வரி அப்படி இல்லம்மா, இப்படி இறங்கும்" என்று பாடிக் காட்டினார்.

எழுதியதே இவர்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அண்ணி என் கையை அழுத்தினார். "இன்னொரு தடவை பாடுங்க, கேட்டுக்கறேன்."

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நோட்டை எடுத்தார். பழைய வரியை அடித்துவிட்டு, அந்த அம்மா பாடினபடியே எழுதினார். "முப்பது வருஷமா எனக்கு இது தோணலை பாரு." முகமெல்லாம் சிரிப்பு. இப்போது நாங்களும் அப்படித்தான் பாடுகிறோம்.