காலைக் கழுவ அடையாள அட்டை வேண்டாம்

ஒரே அப்பத்தைப் பகிர்ந்து உண்ணும் என் சகோதர சகோதரிகளே, நாலு பேர் முன்னால் பேசி எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் ஆண்டவர் எனக்குச் செய்ததை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் இருதயராஜ். புதுச்சேரியில் எங்கள் கோயில் பங்கில் இந்தப் பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது. சூப்பர்வைசர் என்றால் தெரியும். சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். அதில் பதினோரு வருடம் சூப்பர்வைசர். வீட்டு வாசல் பெயர்ப்பலகை, திருவிழா உபயப் பட்டியல், மகள் கல்யாணப் பத்திரிகை, எல்லாவற்றிலும் என் பெயரோடு அந்த வார்த்தை ஒட்டிக்கொண்டிருக்கும். ஆண்டவருக்கு என்னை அடையாளம் தெரியாமல் போய்விடுமோ என்று ஜெபத்தில்கூட அதைச் சேர்த்தே சொல்லியிருப்பேன். சிரிக்காதீர்கள்.

இந்த வருடம் பொங்கல் விடுமுறை முடிந்து வேலைக்குப் போனோம். எங்கள் பிரிவையே மூடிவிட்டதாகச் சொன்னார்கள். கையெழுத்து வாங்கினார்கள். கழுத்தில் கிடந்த அடையாள அட்டையையும் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். கேட்டைத் தாண்டி வெளியே வந்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஐம்பத்தோரு வயதில் நான் யார் என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு வார்த்தை இல்லை.

வீட்டில் சொல்லவில்லை. என் மனைவி செலின் பயந்துவிடுவாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. சூப்பர்வைசர் இல்லாத என்னை அவள் எப்படிப் பார்ப்பாளோ என்று பயந்தது நான்தான். தினமும் அதே நீல யூனிஃபார்ம் சட்டையைப் போட்டுக்கொண்டு, அவள் கட்டிக் கொடுத்த சாப்பாட்டோடு பைக்கில் கிளம்புவேன். கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குவேன். வயதைப் பார்த்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். மதியம் கடற்கரைச் சாலையில் ஓரமாக உட்கார்ந்து டப்பாவைத் திறப்பேன். சோறு தொண்டையில் இறங்காது. மாதம் பிறந்தால், கம்பெனியில் கணக்கு முடித்துக் கொடுத்தனுப்பிய தொகையிலிருந்து எடுத்து, சம்பளம் என்று அவளிடம் நீட்டுவேன். தவக்காலம் முழுக்க இந்த நாடகம்தான்.

குருத்து ஞாயிறன்று பங்குப் பேரவைச் செயலாளர் வந்து என் தோளில் கை போட்டார். பெரிய வியாழன் மாலைப் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேருடைய பாதங்களைக் கழுவுவார் அல்லவா? இந்த முறை பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு தொழில். அவரவர் வேலைக்குப் போகும் உடையில் வர வேண்டும்.

"ஃபேக்டரி சார்பா நீங்கதான், சூப்பர்வைசர்," என்றார்.

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஆகட்டும் என்றேன். அதையும் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அன்றிலிருந்து என் ஜெபம் ஒன்றே ஒன்றுதான். ஆண்டவரே, வியாழக்கிழமைக்குள் ஒரு வேலை கொடுத்துவிடும், உம்முடைய பீடத்துக்கு முன்னால் என்னைப் பொய்யனாக உட்கார வைக்காதேயும். ஆண்டவருக்கே கெடு வைத்தேன்.

வியாழன் மதியம் வரை வேலை வரவில்லை. போன்தான் வந்தது. பாய்ந்து எடுத்தேன். செயலாளர்.

"மறக்காம ஐடி கார்டையும் மாட்டிக்கிட்டு வாங்க. அப்பதான் பாக்கறவங்களுக்குத் தெரியும்."

பக்கத்தில் நின்ற செலின் காதிலும் அது விழுந்தது. உடனே அட்டையைத் தேட ஆரம்பித்துவிட்டாள். பீரோவில் பார்த்தாள், மேசை டிராயரில் பார்த்தாள். என் பையைக் கவிழ்த்து உதறினாள்.

"எங்கங்க வச்சீங்க? டைம் ஆவுது."

கம்பெனியிலேயே மறந்து வைத்துவிட்டேன் என்ற பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. மூன்று மாதமாக அதில் நன்றாகத் தேறியிருந்தேன். சுவரில் இருந்த திருஇருதய ஆண்டவர் படத்தை நிமிர்ந்து பார்த்தேன். இயேசுவே, என்னைக் காப்பாற்றும் என்று மட்டும் மனதுக்குள் கேட்டேன். வாயைத் திறந்தால் வேறு வார்த்தை வந்தது.

"திருப்பிக் குடுத்துட்டேன் செலின். பொங்கல் முடிஞ்சி போன அன்னிக்கே."

அவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். திட்டப் போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். கவிழ்த்த பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்போ நான் கட்டிக் குடுத்த சோத்தையெல்லாம் எங்க உக்காந்து சாப்ட்டீங்க?"

"பீச்சுல."

"தனியாவா?"

அந்த ஒரு வார்த்தையில் நான் உடைந்துபோனேன். வேலை போனதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. நான் தனியாகச் சாப்பிட்டதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. மூன்று மாதம் யாருக்குப் பயந்து ஒளிந்தேனோ, அவளே முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டாள். அதன் பிறகு, மறைத்ததற்காக நன்றாகத் திட்டவும் செய்தாள். அதையும் சொல்லாவிட்டால் இது சாட்சி ஆகாது.

"நான் போவல. வேற ஆள உக்கார வச்சிக்கட்டும்," என்றேன்.

"காலத்தான கழுவப் போறாங்க? கால் இருக்குதில்ல, கெளம்புங்க," என்று ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து என் மடியில் போட்டாள்.

பூசைக்கு முன்பே சாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் என் கையைப் பிடித்து, "வந்து உக்காருங்க," என்றார்.

பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலிகள். காக்கிச் சட்டையில் ஆட்டோக்காரர், வெள்ளை உடையில் நர்ஸ், தோளில் வலையோடு மீனவர். கடைசி நாற்காலியில், எந்த வேலைக்கும் சேராத சட்டையில் நான். எங்கள் கோயிலில் மைக்கில் முன்னுரை வாசிப்பவள் செலின்தான். அன்றும் அவள்தான் வாசித்தாள். அவள் கையில் இருந்த தாளில் என் பெயரோடு சூப்பர்வைசர் என்றே அச்சடித்திருந்தார்கள். ஒவ்வொருவர் தொழிலையும் பெயரையும் வாசித்துக்கொண்டே வந்தவள், என் முறை வந்ததும் தாளைக் கீழே இறக்கிவிட்டாள்.

"இருதயராஜ். ஆண்டவருடைய பிள்ளை."

சாமியார் முழந்தாள்படியிட்டு என் பாதத்தில் தண்ணீர் ஊற்றினார். இயேசு கழுவ வந்தபோது வேண்டாம் என்ற பேதுருவைப் போல எனக்கும் காலை இழுத்துக்கொள்ளத் தோன்றியது. இழுக்கவில்லை. அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தேன். கைக்குழந்தையாக ஞானஸ்நானம் வாங்கியபோதும் இப்படித்தான் என் மேல் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். அன்றைக்கு எனக்கு என்ன வேலை இருந்தது? பால் குடித்துவிட்டுத் தூங்கியிருப்பேன். அப்போதே ஆண்டவர் என்னைத் தம் பிள்ளை என்று சொல்லிவிட்டார். ஐம்பது வருடம் கழித்துத்தான் அது என் காதில் விழுந்தது.

இரண்டு மாதம் கழித்து உழவர்கரையில் ஒரு ஹார்டுவேர் கடையில் சரக்குப் பார்க்கும் வேலை கிடைத்தது. யூனிஃபார்ம் கிடையாது, அட்டையும் கிடையாது. அதற்காகவும் ஆண்டவருக்கு நன்றி. ஆனால் என் ஜெபத்துக்குப் பதில் அந்த வேலை அல்ல. பதில் வியாழனன்றே வந்துவிட்டது, நான் வைத்த கெடு தப்பாமல். பங்கில் சிலர் இன்னும் சூப்பர்வைசர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் திரும்பிப் பார்க்கிறேன். லீவு நாளில் செலினும் நானும் டப்பாவை எடுத்துக்கொண்டு அதே கடற்கரைக்குப் போகிறோம். இப்போது சோறு நன்றாக இறங்குகிறது.

இதை வாசிக்கும் உங்களில் யாராவது வேலையை இழந்துவிட்டு, என்னைப் போல வீட்டில் சொல்லாமல் அலைந்துகொண்டிருக்கலாம். இன்றைக்கே சொல்லிவிடுங்கள். உங்கள் கழுத்தில் என்ன தொங்குகிறது என்று ஆண்டவர் பார்ப்பதில்லை. தண்ணீரும் துண்டுமாக அவர் ஏற்கெனவே குனிந்துவிட்டார். நீங்கள் காலை மட்டும் நீட்டுங்கள்.