கைமாறிய சிரிப்பு

ரோஸ் பவுடர் வாசனை வந்தால் தாம்பரம் மேடை நினைவுக்கு வருகிறது. பிரெஞ்சு நகைச்சுவை நாடகம் ஒன்றைத் தமிழில் போட்டுக்கொண்டிருந்தோம். விமலா எஜமானி, நான் வேலைக்காரி. அவள் கேட்பாள், நான் பதில் சொல்வேன், கூட்டம் சிரிக்கும்.

ஒரு நாள் முன்வரிசையில் சீரியல் டைரக்டர் ஒருவர் இருந்தார். விமலா கேள்வியைக் கேட்டுவிட்டு, என் பதிலையும் அவளே சொல்லிவிட்டாள். எனக்கு வரவேண்டிய சிரிப்பு புறாக்கூட்டம் போல எழும்பி அவள் தோளில் போய் இறங்கியது. வாய் திறந்தபடி நின்றேன், அதற்கும் சிரித்தார்கள்.

சீரியல் வாய்ப்பு அவளுக்குக் கிடைத்தது. அவள் குழுவை விட்டுப் போகும் நாளில், ஸ்டேஷனில் கேட்டேன்.

"ஏன்டி அப்படிப் பண்ணே?"

ரயில் ஏறியவள் திரும்பினாள்.

"அக்கா, நீ வாயைத் தொறந்துகினு நின்னே பாரு, செம காமெடி! அடுத்த ஷோலயும் அப்படியே நில்லு."