தவளை விடாத நூல்

போர் முடிந்து மீள்குடியேறிய புதிதில் வட்டக்கச்சியில் எங்கள் ஆறாம் வகுப்பு ஒரு தகரக் கொட்டகையில் நடந்தது. வெயில் ஏறினால் உள்ளே இருக்க முடியாது. விஞ்ஞான ரீச்சர் எங்களைப் பாலை மர நிழலுக்குக் கூட்டிப்போய்விடுவார்.

அன்று உணவு வலைப் பாடம். எங்களை வட்டமாக நிற்கவிட்டு, ஒவ்வொருவரையும் ஒரு உயிராக்கினார். ஒருத்தி நெல், ஒருவன் வெட்டுக்கிளி, என் மச்சாள் தவளை, நான் பாம்பு. மச்சாள் மாமியின் மகள். என் வயதுதான், தாயில்லாததால் எங்களோடு வளர்ந்தாள். எது எதைத் தின்னுமோ, அவற்றுக்கிடையே ரீச்சர் நூலை இழுத்துக் கைகளில் கொடுத்தார். பருந்தாக நின்றவன் கையை அசைத்தால் நெல்லின் விரல் வரை இழுபட்டது. எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“இப்ப வயலுக்கு மருந்தடிச்சுத் தவளையெல்லாம் செத்துப்போச்சு எண்டு வையுங்கோ,” என்றார் ரீச்சர். “தவளை, நூலை விடுங்கோ.”

மச்சாள் விடவில்லை.

“விளையாட்டுத்தானே பிள்ளை. கையை விடுங்கோ.”

“நான் விட்டா மற்றவைக்கு என்ன நடக்கும், ரீச்சர்?”

“அதைத்தானே பார்க்கப்போறம்.”

அவள் நூலை விரலில் இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள். விரல் நுனி கன்றிப்போனது. பாம்பாகிய நான் பொறுமையிழந்து என் பக்கம் இழுத்தேன். அவள் சத்தமில்லாமல் அழத் தொடங்கினாள். ரீச்சர் எங்கள் கைகளிலிருந்த நூலை ஒவ்வொன்றாகச் சுருட்டி எடுத்தார். அவள் விரலில் இருந்ததை மட்டும் தொடவில்லை. பாடம் அத்துடன் நின்றது.

மத்தியானம் அம்மாவிடம் முறையிட்டேன். “இவள் இண்டைக்குப் பாடத்தைக் குழப்பிப்போட்டாள் அம்மா. ரீச்சர் கையை விடுங்கோ எண்டு எத்தனை தரம் சொல்லியும் விடேல்லை.”

சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. பிறகு மச்சாளைப் பக்கத்தில் இருத்தி, சோற்றைக் குழைத்து ஊட்டத் தொடங்கினார். பதினொரு வயதுப் பிள்ளைக்கு.

சண்டையின் கடைசி நாட்களில் காயப்பட்டு நடக்க முடியாமல் கிடந்த மாமி, “கையை விடு, மாமாவோட போ” என்று என் அப்பாவைக் காட்டிச் சொல்லி, மகளின் விரல்களைத் தானே பிரித்துவிட்டாராம். அதை அம்மா எனக்குச் சொன்னது நான் கலியாணம் கட்டிய பிறகு.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், குழப்படி செய்தவளுக்கு ஊட்டல், சொன்னதைக் கேட்டு நின்ற எனக்கு ஒன்றுமில்லை என்பதுதான். சாப்பிடாமல் எழுந்து வெளியே போனேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை.