உப்புத் தண்ணீர் இறங்காத வயல்

என் கணவரின் அண்ணனுக்கு மட்டாஞ்சேரி பஜாரில் அரிசி மண்டி. மண்டிக்குப் பின்னால் இருக்கும் சந்தில்தான் எங்கள் வீடு. அந்தச் சந்துக்குள் அவர் விற்காத அரிசியை நான் கொண்டுவந்தேன். இன்றுவரை அவர் என்னை மன்னிக்கவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அது செல்லானம் பக்கத்துப் பொக்காளி அரிசி. கடலுப்பு ஏறிய வயலில், உரமும் மருந்தும் இல்லாமல் விளைகிற சிவப்பு நெல். அறுவடை முடிந்ததும் அதே வயலில் உப்புத் தண்ணீரை விட்டு இறால் வளர்ப்பார்கள். அந்த அரிசியை விளைவிக்கிறவரை நான் முதலில் பார்த்தது தோப்பும்படிச் சந்தை வாசலில். சாக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, வருகிற போகிறவர்களை முறைத்தபடி உட்கார்ந்திருந்தார். வியாபாரிகள் தன் அரிசியில் கண்டதையும் கலந்து விற்கிறார்கள் என்று அவருக்குக் கோபம். எங்கள் சந்துக்கே நேராகக் கொண்டுவர முடியுமா என்று கேட்டேன். பட்டணத்துக்காரர்கள் இரண்டு தடவை வாங்குவார்கள், படம் எடுப்பார்கள், அப்புறம் காணாமல் போவார்கள் என்றார்.

அந்தப் பேச்சு என்னைச் சுட்டது. வீடு வீடாகப் போய்ப் பேசினேன். வருஷம் முழுவதும் அவரிடமே அரிசி வாங்குவதாகச் சந்தில் பத்துப் பன்னிரண்டு வீடுகள் ஒத்துக்கொண்டன.

முதல் தடவை விவசாயி சரக்கு ஆட்டோவில் அரிசியோடு வந்தபோது என் கணவரின் அண்ணன் சந்து முனையில் குறுக்கே நின்றார். தன் மூட்டைகள் இறங்குகிற வழியில் வேறு வண்டி வரக்கூடாது என்றார். வழி எல்லாருக்கும் பொது என்றேன்.

"நம்ம கடைச் சோத்தத் தின்னுட்டு நம்ம கடைக்கே குழி தோண்டுறியா?" என்று தெருவே கேட்கும்படி கேட்டார்.

என் கணவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். விவசாயி என்னையும் பார்க்கவில்லை, வழிமறித்து நின்றவரையும் பார்க்கவில்லை. மூட்டைகளைத் தோளில் ஏற்றி ஒவ்வொன்றாக நடந்தே கொண்டுவந்து எங்கள் வராந்தாவில் போட்டார்.

அடுத்த வாரமே உள்சண்டை தொடங்கியது. பக்கத்து வீட்டு அக்காவைச் சந்தில் எல்லாரும் இத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவர் கணவர் படகுத்துறை அருகே சாயாக்கடை வைத்திருப்பவர். இத்தாவும் எங்களைப் போலத் தமிழ் பேசுகிறவர்தான். விவசாயி வந்ததும் இத்தா அவரை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"கேஸ் தீர்ந்ததுதான் மிச்சம், சேட்டா. இது அரிசியா, கூழாங்கல்லா?"

முந்தின நாளே ஊற வைக்க வேண்டும், சமைக்கத் தெரியாதவர்கள் ஓட்டலில் சாப்பிடலாம் என்று அவர் மலையாளத்தில் பதில் சொன்னார். அன்று முதல் அந்த இருவரும் சண்டை போடாமல் அரிசி கை மாறியதில்லை. ஆனாலும் இத்தா வாங்குவதை நிறுத்தவில்லை. சாயாக்கடையில் காலையில் அந்த அரிசிக் கஞ்சியும் சம்மந்தி என்கிற தேங்காய்த் துவையலும் போட ஆரம்பித்திருந்தார்கள். சுமை தூக்குகிறவர்கள் அதைத் தேடி வந்தார்கள்.

அடுத்து வந்த கோடையில் விவசாயி வெறுங்கையோடு வந்தார். இந்த வருஷம் விதைப்பு இல்லை என்றார். சித்திரை விஷு சமயத்தில், இறால் வளர்க்க வயலைக் குத்தகைக்கு எடுத்தவர் அதில் இருக்கும் உப்புத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். அப்போதுதான் முதல் மழை மண்ணின் உப்பைக் கழுவும். குத்தகைக்காரருக்கு இறாலை விட மனமில்லை. மதகைத் திறக்க மறுத்துவிட்டார். விவசாய அலுவலகத்தில் மனு கொடுத்தும் யாரும் வரவில்லை.

இதையெல்லாம் கேட்ட பிறகும் எங்கள் சந்துப் பெண்கள் அவர் மேல்தான் பாய்ந்தார்கள். முன்கூட்டியே சொல்லியிருக்கக் கூடாதா என்றார்கள். உங்களுக்குச் சோறு போச்சே என்று கவலை, எனக்கு வயலே போகிறது என்று அவர் கத்தினார்.

இத்தாதான் கேட்டார். "அந்த மதகு எங்கெ இருக்கு?"

விவசாயி வேண்டாம் என்றார். நீங்கள் வந்து நின்றுவிட்டுத் திரும்பிவிடுவீர்கள், நான் அங்கேதான் குடியிருக்க வேண்டும் என்றார். அதில் நியாயம் இருந்தது. இருந்தும் அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆட்டோவில் அடைத்துக்கொண்டு போனோம்.

நாங்கள் வரப்பில் ஏறிய கொஞ்ச நேரத்தில் குத்தகைக்காரர் ஆட்களோடு பைக்கில் வந்தார். "மட்டாஞ்சேரிக்காருக்கு இவிடெ எந்தா காரியம்?" என்றார். மட்டாஞ்சேரிக்காரர்களுக்கு இங்கே என்ன வேலை என்பது கேள்வி.

"நான் தின்னுற சோறு இங்கதான் வெளயுது. அதான் காரியம்" என்றார் இத்தா.

தமிழ் பேசுவதானால் தமிழ்நாட்டுக்குப் போய்ப் பேசு என்றார் குத்தகைக்காரர். இத்தா அதே வாக்கியத்தை மலையாளத்தில், வரப்பின் மறு முனைக்குக் கேட்கும்படி திரும்பச் சொன்னார். ஓர் ஆள் விவசாயியைப் பிடித்துத் தள்ளினான். அவர் முழங்கால் வரை சேற்றில் இறங்கி நின்றார். திறக்கச் சம்மதிக்கும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று இத்தா போய் மதகுப் பலகை மேல் உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் நாங்களும் உட்கார்ந்தோம். வெயில் ஏற ஏற, அதுவரை வீட்டுக்குள்ளேயே இருந்த மற்ற வயல்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக வரப்புக்கு வந்தார்கள். சாயங்காலம் பஞ்சாயத்து மெம்பர் வந்த பிறகுதான் குத்தகைக்காரர் திறக்கச் சம்மதித்தார்.

சம்மதித்தாரே தவிர, பெரிய இறாலையெல்லாம் பிடித்து முடித்த பின்தான் திறந்தார். அதற்குள் காலம் தாழ்ந்துவிட்டது. பள்ளமான பாதி வயலில் நாற்று உப்பில் கருகியது. மேட்டுப் பாதி விளைந்தது. இதற்கிடையில் யாரோ விவசாயியின் வள்ளத்தின் அடியைக் கோடரியால் பிளந்து காயலில் அமிழ்த்திவிட்டார்கள். சொன்னேன் அல்லவா என்று அவர் என்னிடம் கேட்டார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இத்தாவின் கணவர் துறையில் படகு பழுது பார்க்கும் ஆசாரியை அழைத்துப்போய்ச் சரிசெய்து கொடுத்தார். அதற்கும் விவசாயி நன்றி சொல்லவில்லை. மேட்டில் விளைந்ததை மட்டும் எங்கள் சந்துக்குக் கொண்டுவந்தார்; வேறு யாருக்கும் விற்கவில்லை.

அந்த வருஷமே என் கணவரின் அண்ணன் மண்டியில் 'பொக்காளி அரிசி' என்று ஒரு பலகை தொங்கியது. எங்கிருந்து வந்ததென்று அவர் யாருக்கும் சொல்லவில்லை. இத்தா கடைக்குப் போய்ச் சாக்கிலிருந்து நாலு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்து, அவர் எதிரிலேயே படியில் துப்பிவிட்டு வந்தார்.

இந்த வருஷம் விஷு நெருங்கியபோது யாரும் கூப்பிடாமலே நாங்கள் மறுபடி போனோம். ஆட்டோக்களைப் பார்த்ததும் குத்தகைக்காரர் காறித் துப்பினார், எங்களைப் பெற்றவர்களையும் சேர்த்துத் திட்டினார், காயலில் தண்ணீர் தாழ்ந்ததும் மதகுப் பலகையைத் தூக்கச் சொன்னார். கலங்கிய நீர் சத்தத்தோடு காயலுக்குள் இறங்கியது. விவசாயி எங்கள் பக்கம் வந்தார். ஒரு நல்ல வார்த்தை வரும் என்று நினைத்தேன்.

"வரப்பு இடியுது. எல்லாரும் கீழ இறங்குங்க" என்றார்.