சந்தனப் பொட்டைத் துடைக்க விடாத செல்வம்

புக்கிட் பாத்தோக்கிலிருந்து செல்வத்தின் மனைவி அழைத்தபோது எங்கள் மில்லில் மிளகாய் அரைபட்டுக்கொண்டிருந்தது. "அம்மா, அவரு காலையில போயிட்டாரு" என்றாள்.

சிங்கப்பூரின் செம்பவாங் கப்பல் பட்டறைக்கு மின்பணியாளராக வந்து, பிறகு சூட்டைப் படமாகக் காட்டும் வெப்பக் கேமராவோடு கட்டடம் கட்டடமாகச் சோதனைக்குச் சென்ற செல்வத்தை உங்களில் பலர் அறிவீர்கள். ஜாலான் புசாரில் என் கணவர் விட்டுச்சென்ற மசாலா மில்லுக்கு அவர் முதலில் வந்த நாளில், அலுவலகக் கண்ணாடிக் கதவைக் காட்டி, உள்ளே யார் என்று கேமராவில் பார்க்கச் சொன்னேன். திரையில் மங்கலாக என் உருவமே தெரிந்தது. "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இது பார்க்காதும்மா. எதிர்ல நிக்கிறவங்க சூட்டைத்தான் திருப்பிக் காட்டும். உள்ள யாருன்னு தெரியணும்னா கதவைத் தட்டுங்க." நேரான பதில் எனக்குப் பிடிக்கும். அன்றிலிருந்து எங்கள் சோதனையெல்லாம் அவரிடம்தான்.

ஒரு தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கையில், காப்பீட்டுக்காக வேறொரு சோதனையாளர் வந்தார். ஆயுத பூசைக்காக மில்லில் வேலை செய்யும் பெண்கள் அரவை இயந்திரத்தின் தண்டைத் தாங்கும் பேரிங்கின் மூடியைப் பளபளவென்று தேய்த்துச் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். அவருடைய திரையில் மூடி குளிர்ந்த நீலம். பொட்டு மட்டும் சூட்டைக் குறிக்கும் வெள்ளை. "அது சந்தனம் லா மேடம். துடைச்சிட்டா சரியாயிடும். மெஷின் ஓகே" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆர்டர்கள் குவிந்திருந்தன, ஆனால் அந்த இயந்திரத்தை ஒட்டி ஆறு பெண்கள் நின்று வேலை செய்தார்கள். செல்வத்தை அழைத்தேன்.

வந்ததும் சோதனையாளரின் திரையைப் பார்த்தார். "பொட்டைத் தொடாதீங்க. அதுதான் நெஜத்தைச் சொல்லுது."

"சாமி சொல்லுதா பிரதர்?" என்று சோதனையாளர் சிரித்தார்.

"சாமி இல்ல சார், உமிழ்திறன்."

தேய்த்த உலோகம் தன் சூட்டில் கொஞ்சத்தைத்தான் கதிராக வெளியே விடும். மற்றபடி எதிரே உள்ள சுவரைப் பிரதிபலிக்கும். காய்ந்த சந்தனமோ தன் சூட்டுக்கு உரிய கதிரை ஏறக்குறைய முழுவதுமாக விடும். அந்தத் திறனுக்குத்தான் அந்தப் பெயர் என்று விளக்கினார். "கேமரா வர்ற கதிரைத்தான் பார்க்கும். அது யாரோடதுன்னு நாமதான் சொல்லணும்."

இயந்திரத்தை நிறுத்தினேன். மூடியில் விரல் வைத்த சோதனையாளர் கையை உதறினார். திறந்தால், கிரீஸ் கருகிக் கிடந்தது. சுற்றிலும் மிளகாய்த்தூள். இன்னும் சில நாள் ஓடியிருந்தால் தூள் தீப்பிடித்திருக்கும்.

"பூசையில தப்புப் பண்ணிட்டோமா செல்வம்?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. சரியான இடத்துல பொட்டு வச்சிருக்கீங்க."

சோதனையாளர் அறிக்கையை அங்கேயே அடித்துத் திருத்தினார். மறுநாள் புதிய பேரிங்கோடு ஓட்டி, அந்தத் தீபாவளிக்கு ஒரு பொட்டலம்கூடத் தாமதமாகாமல் அனுப்பினோம். மூடியில் செல்வம் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டினார். "இனிமே இங்கதான் அளக்கணும். இதுவும் சந்தனம் மாதிரி சூட்டை அப்படியே காட்டும். சந்தனம் உதிர்ந்தாலும் இது இருக்கும்."

அவர் மறைந்த செய்தி வந்த அன்று, "மெஷினை நிறுத்தட்டுமா ஆன்ட்டி?" என்று பெண்கள் கேட்டார்கள். அவர் சொல்லி நான் வாங்கிய சிறு வெப்பக் கேமராவை எடுத்து, முதலில் டேப்பை அளந்தேன். சூடு அளவோடு இருந்தது.

"ஓடட்டும்" என்றேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது விரல் நீளக் கறுப்பு டேப். ஆயுத பூசைதோறும் அதை மாற்றுகிறோம். பக்கத்திலேயே பொட்டும் வைக்கிறோம்.