நோன்புக் கடையும் பள்ளிவாசல் வேட்டும்

தெருவில் கடை விரித்து உட்காருகிறவளுக்குக் கை ஓரிடம், வாய் ஓரிடம், மனசு வேறிடம். துணி விற்றவர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான் இது. கை கவுனை மடிக்கும், வாய் "சாயம் போகாதும்மா" என்று சொல்லும், மனசு வீட்டு அடுப்பை அணைத்தோமா என்று பார்க்க ஓடும். நீங்களும் கடை போட்டவர்கள் என்றால் இந்நேரம் தலையை ஆட்டியிருப்பீர்கள். என் மனசு அடுப்போடு நிற்காமல் விஸ்வநத்தம் வரைக்கும் ஓடும். அங்கே ஒரு பட்டாசுக் கம்பெனியின் மருந்து அறையில் எங்கள் வீட்டுக்காரர் மருந்து கலந்துகொண்டிருந்தார்.

அறுபதுகளின் தொடக்கம் அது. சிவகாசியில் பள்ளிவாசல் தெருவில் நோன்பு மாதம் முழுக்கச் சாயங்காலம் தொடங்கி இரவு வரை கடைகள் நடக்கும். வடை, சர்பத், பேரீச்சம்பழம், அத்தர், செருப்பு, வளையல். பெருநாளைக்குப் பிள்ளைகளுக்குப் புதுத்துணி எடுக்கப் பெண்கள் இரவுத் தொழுகை முடிந்ததும் கூட்டமாக வருவார்கள். நான் கைமிஷினில் தைத்த கவுன்களை ஒரு கயிற்றில் தொங்கவிட்டு, வளையல்கடைக்கும் சர்பத் கடைக்கும் நடுவில் உட்கார்ந்தேன். அவரை மருந்து அறையிலிருந்து வெளியே கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார வைக்கணும். அது ஒன்றுதான் என் ஜெபம். அவரிடம் சொன்னதற்குச் சிரித்தார். "நோன்பு மாசம் முழுக்க ஒரு நாள்கூட மூடாம கடை போட்டுக் காட்டு, அப்புறம் பாப்போம்" என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

முதல் வேட்டு

முதல் நாள். பொழுது சாய்ந்து ஆறு மணிக்கு மேல் இருக்கும். ஒரு அம்மாவுக்கு ஊதாக் கவுனை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன். திடீரென்று 'டமார்' என்று ஒரு சத்தம். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அந்தச் சத்தம் காதில் விழாது, நேராக அடிவயிற்றில் விழும். கவுனைப் போட்டுவிட்டுத் தெருவில் இறங்கி ஓடினேன். நான் மட்டுமா? தீப்பெட்டி ஆபீசிலிருந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் தூக்குச்சட்டியோடு என் கூடவே ஓடுகிறார்கள். எந்தப் பக்கம், எந்தக் கம்பெனி என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொண்டே ஓடுகிறோம்.

தெருமுனையில் பள்ளிவாசல் மோதினார் எங்களைக் கையைக் காட்டி மறித்தார். வெள்ளைத் தாடி வைத்த, பாங்கு சொல்கிற பெரியவர். நோன்பு திறக்கிற நேரத்தை ஊருக்குத் தெரிவிக்கப் பள்ளிவாசலில் அந்த வருசம்தான் புதிதாக வேட்டுப் போடத் தொடங்கியிருக்கிறார்களாம். அந்தச் சத்தம்தான் இது. மற்ற ஊர்க்காரர்கள் அந்த வேட்டைக் கேட்டு வாயில் பேரீச்சம்பழத்தை வைக்கிறார்கள், நாங்கள் செருப்பை விட்டுவிட்டு ஓடுகிறோம். அவர் முகத்தில் சிரிப்பு வந்து, பாதியிலேயே நின்றுபோனது. என்னைக் கடை வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுச் சொன்னார்: "நாளையிலேர்ந்து திரியக் கொளுத்தும் முன்னால நானே வந்து சொல்லிட்டுப் போறேன் தாயி, நீங்க எந்திரிக்காதீக."

இரண்டு நோன்பு

சொன்னபடியே செய்தார். தினமும் சாயங்காலம் தெருவில் விறுவிறுவென்று வந்து, "போடப் போறோம், போடப் போறோம்" என்று சொல்லிக்கொண்டே போவார். தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் அதைக் கேட்டுவிட்டுத்தான் தெருவைத் தாண்டுவார்கள். நான் கண்ணை மூடி, ஆண்டவரே என்று ஒரு வார்த்தை சொல்லி, வேட்டுப் போட்டதும் திறப்பேன்.

பள்ளிவாசலுக்கு எதிர்வீட்டில் சபுரா பீவி இருந்தார். நாலு பெண்பிள்ளைகளைப் பெற்றவர், எதையும் மூன்று தரம் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவார். ஒருநாள் எனக்கென்று ஒரு சட்டியில் நோன்புக் கஞ்சி கொண்டுவந்து வைத்தார். கறி போட்ட கஞ்சி, வாசனை தெருவைத் தூக்கியது. எனக்கோ லெந்து நாள். ஈஸ்டர் வரைக்கும் நான் கறி தொடமாட்டேன். அதைச் சொல்லச் சங்கடப்பட்டுச் சொன்னேன். அவர் குடிக்க இன்னும் வேட்டுப் போடவில்லை. சட்டி நடுவில் ஆவி விட்டுக்கொண்டிருக்கிறது, நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். சபுரா பீவி வளையல்காரரைக் கூப்பிட்டார்: "அண்ணே, நானும் நோன்பு, இவுகளும் நோன்பு, உங்களுக்கு ஒண்ணும் இல்லைல்ல? வாங்க, வந்து குடிங்க!"

மினுக்கம்

எங்கள் வீட்டுக்காரர் தினமும் இரவு சைக்கிளில் வந்து மூட்டையைக் கட்டி என்னைக் கூட்டிப் போவார். ஒருநாள் நேரத்தோடு வந்துவிட்டார். கூட்டத்தைப் பார்த்துவிட்டு, உதவுகிறேன் என்று கயிற்றில் தொங்கிய கவுன்களைத் தள்ளித் தள்ளி மாட்டினார். மருந்து கலக்குகிறவர்களுக்கு அலுமினியப் பொடி எம்புட்டுத் தேய்த்தாலும் போகாது. ரேகையில் இருக்கும், இமையில் இருக்கும், காது மடலில் இருக்கும். அவர் கை பட்ட கறுப்பு வெல்வெட் கவுன் ஒன்று பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நட்சத்திரம் கொட்டினதுபோல் மின்னியது.

சபுரா பீவியின் கடைசி மகள் அதைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள். கூட நின்ற இரண்டு பெண்கள், இதே மாதிரி ஜிகினா வைத்தது எங்களுக்கும் வேணும் என்கிறார்கள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை, மீசைக்குள் சிரிக்கிறார். அது ஜிகினா இல்லை. எந்நேரமும் என் தூக்கத்தைக் கெடுக்கிற பொடி. கவுனைப் பறித்து உதறி, சர்பத் கடைக்காரரிடம் ஒரு வாளித் தண்ணீர் வாங்கி அங்கேயே முக்கி எடுத்தேன். வெல்வெட் வீணாய்ப் போனது. பிள்ளை அழுதாள், அவர் சைக்கிள் பக்கம் போய் நின்றுகொண்டார். சபுரா பீவி என்னை ஏற இறங்கப் பார்த்தார்: "மினுக்கத்தக் கழுவிட்டு விக்கிற கடைக்காரிய இன்னைக்குத்தான்மா பாக்கேன்."

நேரம் தப்பிய சத்தம்

இருபது நோன்பு தாண்டியது. ஒருநாளும் கடை மூடவில்லை. எங்கள் மகள் எஸ்தருக்குக் காய்ச்சல் வந்த அன்றைக்கும் அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்து, பாதி நேரம் ஜெபமும் பாதி நேரம் வியாபாரமுமாக உட்கார்ந்திருந்தேன். வேட்டுச் சத்தமும் பழகிவிட்டது. பழகிவிட்டது என்று பெருமைகூட வந்துவிட்டது. அதுதான் நான் செய்த தப்பு.

அன்றைக்குச் சாத்தூரிலிருந்து வந்த ஒரு அம்மாவுக்குக் கவுன் நீளத்தைக் குறைத்துக் கொடுக்கக் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தேன். தூரத்தில் 'டம்' என்று ஒரு சத்தம். அந்த அம்மா பதறி எழுந்தார். நான் தலையைக்கூடத் தூக்காமல், "உக்காருங்கம்மா, பள்ளிவாசல் வேட்டு. வெளியூர்க்காரங்களுக்குத்தான் பயமா இருக்கும்" என்றேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் துணி பார்த்துக்கொண்டிருந்த சபுரா பீவி மெதுவாகத் திரும்பினார். காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் படாத உதடு. சொன்னார்: "என் தொண்டைக்குத் தெரியாதா கவுன்காரம்மா, நோன்பு திறக்க இன்னும் அரை மணி நேரம் கெடக்கே."

கடையில் ஒரு ஆம்பிளை

எப்படி எழுந்தேன், எப்படி ஓடினேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. கத்தரிக்கோல் கையிலேயே இருந்தது. விஸ்வநத்தம் ரோட்டில் எனக்கு முன்னாலும் பின்னாலும் பெண்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. பைபிள் சங்கீதம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. ஆண்டவரே, ஆண்டவரே என்று அந்த ஒரு வார்த்தைதான் காலோடு கூட ஓடிவந்தது. கம்பெனி கேட்டில் புகை. களத்தில் காயப்போட்ட மருந்தைச் சாக்கில் அள்ளும்போது ஒரு சாக்கு வெடித்திருக்கிறது. ஒரு ஆளுக்குக் கையில் காயம், உயிருக்கு ஒன்றும் இல்லை. "உங்க வீட்டுக்காரரா? நீங்க பயந்து ஓடியாருவீகன்னு சைக்கிள எடுத்துட்டு உங்களத் தேடித்தானக்கா போனாரு, கம்மாக்கரை வழியா" என்றார் வாட்ச்மேன். நான் ரோட்டில் போக, அவர் கரையில் வந்திருக்கிறார். அங்கேயே மண்ணில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். எழுந்து திரும்பி நடக்கும்போதுதான், கடையைத் திறந்துபோட்டு வந்தது நினைவுக்கு வந்தது. இருபது நாளும் போச்சே என்று நினைத்தேன். அவர் பிழைத்து வந்த நேரத்தில் அப்படி ஒரு நினைப்பா என்று வெட்கமாகவும் இருந்தது.

தெருவுக்குள் வந்தால் என் கடையில் பெட்ரோமாக்ஸ் எரிகிறது. புருவம் பொசுங்கி, முகமெல்லாம் கரியாக அவர் உட்கார்ந்து வியாபாரம் பண்ணிக்கொண்டிருக்கிறார். இரண்டு வயசுப் பிள்ளைக்குக் கேட்டவருக்கு ஏழு வயசுக் கவுனை நீட்டி, "வளரும்ல, வளந்து போட்டுக்கிடட்டும்" என்கிறார். "சாயம் போகுமா?" என்று கேட்டால், "போகுமா இருக்கும், எனக்கு எங்கன தெரியும்?" என்கிறார். நான் போனதிலிருந்து அவர் வரும்வரைக்கும் கடையைப் பார்த்துக்கொண்டது சபுரா பீவி. அன்றைக்கு அவர் நோன்பு திறந்ததுகூட என் கடையில் உட்கார்ந்துதான். என்னைக் கண்டதும் அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், குரலை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை: "வாங்க கவுன்காரம்மா, உங்க வீட்டுக்காரருக்குப் பொய் சொல்லவே வரமாட்டேங்குது, இன்னும் கொஞ்ச நேரம் விட்டா கடையே காலி!"

பிறை

இருபத்தொன்பதாம் நோன்பு. பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள், தெரியாவிட்டால் இன்னும் ஒரு நோன்பு. கடை போட்டவர்களுக்கு அதைப்போல ஒரு இருப்புக்கொள்ளாத சாயங்காலம் கிடையாது. இருக்கிற துணியை எல்லாம் வெளியே தொங்கவிடவா, நாளைக்கென்று கொஞ்சம் வைக்கவா? தெருவே மேற்கே கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறது, அங்கே மேகம். புருவம் இன்னும் முளைக்காததால் அவர் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, எனக்குத் துணையாக மத்தியானமே வந்துவிட்டார். கத்தரிக்கோலைப் பிடித்து ஒரு துண்டுத் துணியை வெட்டிப் பழகிக்கொண்டிருந்தார். பிறை தெரிந்தால் மூன்று வேட்டு என்று சொல்லிவிட்டு மோதினார் போய்விட்டார். இத்தனை நாளும் சத்தமே கேட்கக் கூடாது என்று ஜெபித்தவள், அன்றைக்குச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அது கேட்டால் மாதம் முடிந்தது. அவர் சொன்ன கெடுவும் முடிந்தது.

டமார். டமார். டமார். தெரு முழுக்க ஒரே கூச்சல். நான் அசையவில்லை. பக்கத்தில் பார்த்தேன், ஆளைக் காணோம். இருபது வருசம் மருந்து அறையில் நின்றவர் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டுத் துள்ளி எழுந்து, சர்பத் கடையைத் தாண்டி நிற்கிறார். முகம் வெளுத்துவிட்டது. திரும்பி வந்த மோதினார் அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்: "அண்ணாச்சி, இனிமே உங்களுக்கும் சொல்லிட்டுத்தான் போடணும் போலருக்கே."

பெருநாளைக்கு அடுத்த நாள்

பெருநாள் அன்றைக்குச் சபுரா பீவி எங்களுக்கென்று கறி படாத அடுப்பில் சேமியா காய்ச்சிக் கொடுத்துவிட்டார். மறுநாள் விடிந்தது. வழக்கம்போலத் தூக்குச்சட்டியில் சோறு கட்டி வைத்தேன். கெடுவைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. திறந்தால், "நடுவுல ஒருநாள் போட்டுட்டு ஓடுனியே" என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். அவர் சட்டியை எடுத்தார், சைக்கிளில் மாட்டினார், மிதித்துப் போய்விட்டார். நான் அடுப்படியில் முழங்காலில் நின்றேன், ஜெபம் வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்து வாசலில் சைக்கிள் மணி. கம்பெனியில் கணக்கை முடித்துக்கொண்டு வந்துவிட்டேன் என்று சொன்னார். "நான்தான் அன்னைக்குக் கடையப் போட்டுட்டு ஓடிட்டேனே" என்றேன், சும்மா இருக்கமாட்டாமல். அவர் தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட உட்கார்ந்துகொண்டே சொன்னார்: "நீ ஓடுன, கடை மூடலையே, நான்ல உக்காந்திருந்தேன், அந்த ஊதாத் துணிய எடு, வெட்டிப் பாப்போம்."

அந்த ஊதாத் துணி கோணலாகப் போனது, அதற்குப் பிறகும் எத்தனையோ கஜம் கோணலாகப் போயிருக்கிறது, ஆனால் எங்கே சத்தம் கேட்டாலும் பக்கத்தில் திரும்பிப் பார்த்தால் போதும் என்று ஆனவளுக்கு நேராக வெட்டத் தெரிந்த ஆள் எதற்கு?