விரலில் ஒட்டும் வெள்ளை

இன்று காலை மாடித் தொட்டிச் செம்பருத்தியின் கொழுந்தில் வெள்ளையாய் ஏதோ படிந்திருக்க, தொடத் தயங்கி விரலை நீட்டியபோது, வெண்ணந்தூரில் இப்போது வீட்டுமனைகளாகிவிட்ட எங்கள் மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காடு அதன் பால் வாடையோடு வந்து நின்றது.

பள்ளிக்குப் போகுமுன் அங்கே இலைகளைப் புரட்டிப் பார்ப்பது என் வேலை. விட்டில்பூச்சி உட்கார்ந்து போன சிறகுத் தூள் உலர்ந்திருக்கும், ஊதினால் பறந்துவிடும். மாவுப்பூச்சியின் வெள்ளையோ பிசுபிசுவென்று விரலோடு வந்துவிடும். விட்டில் என்றால் பயமில்லை. மாவுப்பூச்சி என்றால் அப்பா மருந்தடிக்கப் போவார்; முந்தைய முறை மருந்தடித்து வந்து வாசலில் நுரை தள்ளி விழுந்தவரை டெம்போவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடியதை நான் பார்த்திருந்தேன்.

அதனால் ஒருநாள் விரல் பிசுபிசுத்தபோது பாவாடையில் துடைத்துக்கொண்டு, "விட்டில்தானுங்கப்பா" என்றேன். ஒரே மாதத்தில் காடு முழுக்கக் கொழுந்து சுருண்டு வெளுத்துப்போனது. "வந்ததே தெரியாமப் போச்சே சாமி" என்று அப்பா என்னிடமே வந்து சொன்னார்.

இப்போதும் உள்ளே கட்டிலில் இருந்தபடி அவர்தான் கேட்கிறார்: "செடியில என்ன சாமி? மருந்தடிக்கோணுமா?"

விரலைச் சேலையில் துடைக்கிறேன். பிசுபிசுப்பு போகவில்லை.

"விட்டில்தானுங்கப்பா."